குறட்டைக்குப் போட்ட பிளேட்

நான் குறட்டை விடுகிறவள் என்பதே நாற்பது வயதைத் தாண்டும்வரை எனக்குத் தெரியாது. கணவர் துபாயில் இருந்தார்; லீவில் வந்தாலும் எனக்கு முன்னால் தூங்கிவிடுவார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். மேலகரத்து வீட்டில் தனியாகப் படுப்பவளிடம் யார் வந்து சொல்வார்கள்? காலையில் எழும்போது வாய் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையணை உறையில் எச்சில் காய்ந்து மஞ்சளாகக் கறை பிடித்திருக்கும். தலை கனக்கும். ஆலங்குளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பாவூர்சத்திரம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். ஒருநாள் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் இருந்த பெண் தன் தோளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒழுகியிருந்தது என் எச்சில். அவள் என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் நின்றுகொண்டாள். வயசாகிறது, வேலை அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் சீசனுக்குக் கணவரின் தங்கை மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். என் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினால் பேச்சு முடிவதற்குள் குற்றாலம் வந்துவிடும். ஆனாலும் லாட்ஜில் தங்கினால்தான் சீசன் மாதிரி இருக்கும் என்று அடம்பிடித்து என்னையும் கூட்டிப் போனாள். பெண்கள் எல்லோருக்கும் ஒரே அறை. கொடியில் காயாத துணியின் நாற்றம், தேய்த்துக் குளித்த எண்ணெயின் நாற்றம். குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்தில் யார் யாருடையதோ முடி சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்தவள் நான்தான்.

மறுநாள் காலை இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நாத்தனார் செல்போனை என் முன்னால் நீட்டினாள்.

“மைனி, மெயின் அருவில தண்ணி எப்படி விழுதுன்னு கேளுங்க.”

முதலில் எனக்கும் அது அருவிச் சத்தமாகத்தான் கேட்டது. பிறகுதான் படத்தைப் பார்த்தேன். மல்லாந்து கிடக்கும் ஒரு பெண். வாய் பிளந்திருக்கிறது. கீழ்த்தாடை தொண்டைக்குள் இறங்கிப்போய்க் கிடக்கிறது. கடைவாயில் எச்சில் வழிந்து காதுவரை கோடு இழுத்திருக்கிறது. உள்ளே கருத்துப்போன கடைவாய்ப் பல்கூடத் தெரிகிறது. அந்த ஓட்டையிலிருந்துதான் சேற்றில் பன்றி உறுமுவது போன்ற சத்தம் வந்துகொண்டிருந்தது.

அறையே சிரித்தது. நாத்தனாரின் மாமியார் வாயில் சட்னியோடு, “பொம்பளைக்கு இம்புட்டுச் சத்தமா?” என்று கேட்டார். சொல்லும்போதே ஒரு துளி சட்னி என் இலையில் வந்து விழுந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் அந்த வீடியோ ஏற்கெனவே போயிருந்தது. துபாயிலிருந்து என் கணவர் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். அவர்கள் சிரித்தது வலித்தது. ஆனால் குமட்டியது அந்த வாயைப் பார்த்துத்தான். இத்தனை வருஷமாக அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். இட்லியோடு இலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து முறுக்கு கடித்ததில் கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்தது. தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைவிட இளையவர், இந்தப் பக்கத்துப் பெண்தான். விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

“அக்கா, நாக்கு ஓரமெல்லாம் பல்லுத் தடம் விழுந்திருக்கு. ராத்திரி கொறட்டை வருதா?”

எனக்கு முகம் எரிந்தது. செல்போனில் அந்த வீடியோவை எடுத்துக் கொடுத்தேன். அவர் சத்தத்தைக் கூட்டிவைத்து முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

“இங்கன பாருங்க, சத்தம் நின்னுபோச்சு. இது நீங்க அமைதியாத் தூங்குறது இல்ல. மூச்சு அடைக்குது. பொறவு திணறி இழுக்கீங்க. கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா?”

வீடியோ எடுத்தவளின் சிரிப்பு மிகத் தெளிவாகக் கேட்டது அந்த இடத்தில்தான்.

உடைந்த பல்லை அன்றே அடைத்தவர், குறட்டைக்கான பிளேட்டை எடுத்த எடுப்பில் செய்து தரச் சம்மதிக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போய்க் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, தூக்கத்தைச் சோதித்துவிட்டு வரச் சொன்னார். விரலிலும் மூக்கிலும் ஒயர்களைச் செருகிக்கொண்டு ஒரு ராத்திரி படுத்தேன். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது உண்மை, ஆனால் முற்றிவிடவில்லை, பல்லில் போடும் பிளேட்டையே முயன்று பார்க்கலாம் என்றார்கள். தூங்கும்போது கீழ்த்தாடை பின்னால் சரிகிறது, நாக்கும் கூடச் சரிந்து மூச்சுப்பாதையை மூடுகிறது, பிளேட் தாடையை முன்னே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று பல் டாக்டர் விளக்கினார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

அளவெடுக்கும் நாள் வந்தது. ஒரு இரும்புத் தட்டில் ரோஸ் நிறக் களியைக் குழைத்து வாய்க்குள் அழுத்தினார்கள். மலிவான பபுள்கம் வாசனை. களி பின்னால் நழுவி உள்நாக்கைத் தொட்டது. மூக்கால் மூச்சு விடுங்க என்றார் டாக்டர். மூக்கிலிருந்து சளிதான் வந்தது. எச்சில் கயிறு கயிறாக வழிந்து, கழுத்தில் கட்டியிருந்த காகிதத்தை நனைத்து, ஜாக்கெட்டுக்குள் இறங்கியது. களி இறுகித் தட்டை வெளியே எடுத்ததும், காலையில் சாப்பிட்டதெல்லாம் பக்கத்துத் தொட்டிக்குப் போனது. கீழ்ப் பல்லுக்கும் அளவு எடுக்கணும் என்று சொல்லி, டாக்டரே என் வாயைத் துடைத்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது என் பற்களை மஞ்சள் சுண்ணாம்புக் கலவையில் வார்த்து மேசைமேல் வைத்திருந்தார்கள். கோணல், இடுக்கு, தேய்மானம் எல்லாம் அப்படியே இருந்தன. தோண்டி எடுத்த எலும்பு மாதிரி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பிளேட் வந்தது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கச் சின்னத் திருகாணி. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். தாடை துருத்தி, அருவிக்கரையில் சிப்ஸ் பறிக்கும் குரங்கு போல இருந்தேன். முதல் வாரம் எச்சில் அடங்கவில்லை. காலையில் கழற்றும்போது நூல் நூலாக நீளும். மேலே வழவழவென்று ஒரு வெள்ளைப் படலம், பழைய சோற்றுத் தண்ணீரின் புளித்த வாடை. கழற்றியபின்னும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராமல், காலைப் பலகாரத்தை நாக்கால் நசுக்கித்தான் விழுங்க வேண்டியிருந்தது. ஒருநாள் அவசரத்தில் கழுவாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சிற்றெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் கை போனது. போடவில்லை. ஏனென்றால் அதற்குள் தலைவலி நின்றிருந்தது. மத்தியானம் கோப்புகளைப் படித்தால் மனதில் நின்றது.

பிறகு கணவர் லீவில் வந்தார். பல் துலக்கப் போனவர் குளியலறையிலிருந்து கத்தினார்.

“ச்சீ, என்னட்டி இது? செத்தவன் வாயிலருந்து புடுங்குன மாதிரி இருக்கு.”

சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

“நான் இருக்கவரைக்கும் இதப் போடாத. பக்கத்துல படுக்கவே ஒருமாதிரி இருக்கு.”

வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனுஷன் என்று கழற்றி வைத்தேன். சில நாளிலேயே தலை கனக்கத் தொடங்கியது. அலுவலகத்தில் மனு கொண்டுவந்த ஒரு பெரியவர் எதிரில் நிற்கும்போதே தூங்கிவிட்டேன். “தாயி, நான் பொறவு வரட்டுமா?” என்று அவர் கேட்ட குரலில்தான் விழித்தேன். மனுவின்மேல் எச்சில் சொட்டி, அவருடைய எழுத்து கலைந்திருந்தது. அவரே அதை வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது கணவர் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, பரோட்டாவும் சால்னாவும் மணக்க, உதட்டோரத்தில் எச்சில் குமிழ் ஊதி உடைய, வீடு அதிரக் குறட்டை. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தத்தை உழைத்த களைப்பு என்று சொல்லித்தான் பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஒருவரும் இதைப் படம்பிடித்ததில்லை. பையை வைக்காமல் அப்படியே நின்று அவரைப் பார்த்தேன். எனக்கு வந்தது கோபமில்லை, அசல் அருவருப்பு.

அன்று படுக்கப் போகும்போது அவர் கண்முன்னாலேயே பிளேட்டை எடுத்து மாட்டினேன்.

“போடாதன்னு சொன்னேம்லா?” என்றார்.

பேசுவதற்காகக் கழற்றினேன். எச்சில் நூல் தொங்கியது. துடைக்கவில்லை.

“அத்தான், இது இல்லன்னா எனக்கு மூச்சு நிக்குது. கொமட்டுச்சுன்னா நீங்க ஹால்ல படுங்க. உங்களுக்கும் கொறட்டை இருக்கு, நாளைக்கு என்கூட டாக்டர்ட்ட வாங்க.”

“ஆம்பளைக்கு இதெல்லாம் சகஜம்ட்டி” என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனார். லீவு முடியும்வரை ஹாலில்தான் படுத்தார். டாக்டரிடம் வரவில்லை. விமானம் ஏறும் நாளில் மட்டும், “அதப் போடுத, சரி. டப்பாவ மூடியாவது வையி” என்றார். மூடி வைக்கிறேன்.

போன மாதம் காட்டப் போனபோது, பிளேட் மஞ்சள் பூத்து ஓரத்தில் கீறல் விட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். புதிதாகத்தான் செய்ய வேண்டுமாம். அப்படியென்றால் மறுபடியும் அந்தக் களி. அவர் சொல்லி முடிப்பதற்குள் பபுள்கம் வாசனை மூக்கில் ஏறியது.

“அடுத்த வாரம் வாரேன். அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாம வாரேன்” என்றேன்.