சேதி அவருடையது, தொண்டை என்னுடையது

கிட்டக்க வந்து உட்காருங்க. யாரோ செய்ததுக்கு நீங்க ஏச்சு வாங்கினது உண்டுன்னா, இன்னும் கொஞ்சம் நெருங்கியே உட்காரலாம். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் தமுக்கு அடித்து, ஆபீஸ் உத்தரவுகளை ஊருக்குச் சொல்வது என் வேலை. உத்தரவு போட்டவரை ஊர் பார்க்காது. கத்துகிறவன் மூஞ்சிதான் ஊருக்குத் தெரியும்.

வராத வெள்ளம்

ஒரு ஆடி மாசம். காவேரியில் வெள்ளம் வருது, யாரும் படித்துறையில் இறங்கக்கூடாதுன்னு சொல்லிவிட்டு வரச் சொன்னார், ஆபீஸில் ஆத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி ரெண்டையும் பார்த்துக்கொள்கிற ஓவர்சியர். தொண்டை கிழியக் கத்தினேன். சாயங்காலம் பார்த்தால் முழங்கால் தண்ணி. காலையிலிருந்து குளிக்காமல் காத்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் படித்துறைக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னே, சரி. காவேரிக்குச் சொன்னியோ?"

கொட்டின தண்ணி

வாந்திபேதி பரவின சமயம். பிடித்து வைத்த தண்ணியைக் கொட்டிடுங்க, கிணற்றிலும் எடுக்காதீங்க, நாளைக்குக் காலை ஆறு மணிக்குக் குழாயில் நல்ல தண்ணி வரும்னு ஓவர்சியர் உத்தரவு. அப்படியே அடித்தேன். ஜனங்க அண்டா அண்டாவாகக் கவிழ்த்தார்கள். மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் குழாயில் காற்றுதான் வந்தது. பிரசவ வீட்டுக்காரம்மா ஒருத்தி வாசலில் என்னை மறித்துக்கொண்டாள்.

"பச்சைப் புள்ளையை எதுலய்யா குளிப்பாட்டுறது? உன் தமுக்குச் சத்தத்துலயா?"

விசாரணை

பிராது ஆபீஸ் பெரிய ஐயாவிடம் போயிற்று. ஓவர்சியர் அசராமல், "நாளை மறுநாள்னு சொன்னேங்க, இவன் நாளைன்னு அடிச்சுட்டான்" என்றார். வாய் உத்தரவு, எனக்கோ எழுத்து தெரியாது. என் வீட்டில் அஞ்சு வயிறு. இன்னொரு தரம் சேதியைத் தப்பாச் சொன்னால் வேலை போய்விடும் என்றார் பெரிய ஐயா. வெளியே வந்தால் பியூன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னான்:

"தண்ணி விடாதவருக்கு நாற்காலி, விடுவாங்கன்னு சொன்னவனுக்கு வாசப்படி. எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குண்ணே."

முகவரியோடு

அடுத்த வாரமே மறுபடி சேதி: வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணி. "எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றேன். "உனக்குப் படிக்கத் தெரியுமாக்கும்!" என்று சிரித்தார். நியாயம்தானே?

வீதிக்கு வீதி நின்று அடித்தேன்: "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணி வரும்! இதைச் சொன்னவர் ஓவர்சியர் ஐயா! வராட்டி கேட்க வேண்டிய இடம், பாலம் தாண்டித் தென்னூரில் பச்சைக் கதவு போட்ட அவர் வீடு!"

வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கே தண்ணி வந்துவிட்டது. அஞ்சு மணிக்கே ஓவர்சியர் தானே வந்து, குழாயைத் திறக்கிற இடத்தில் நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் பாய்ந்தார். "என் வீட்டைச் சொல்லச் சொல்லி எவன்யா உத்தரவு போட்டது?"

"அது என் சொந்தப் பொறுப்புங்க. வேணும்னா அதையும் ஊருக்குச் சொல்லிடறேன்" என்று குச்சியை ஓங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்யா, நீ பேசாம வீட்டுக்குப் போ."

அதற்கப்புறம் தண்ணி நேரத்துக்கு வந்தது. ஓவர்சியர் மூணு தரம் வீட்டுக் கதவுக்கு வர்ணம் மாற்றினார், நானும் மூணு தரம் சேதியைத் திருத்திக்கொண்டேன்.