மெதுவாகப் பேசப் பார்த்த நாள்

பிள்ளைகளைத் தினமும் சில மணி நேரம் பார்த்து, வீட்டு வேலைக்கும் கைகொடுக்க, எங்களோடு தங்கும் ஒரு பெண் வேண்டும். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் அப்படிப்பட்டவளை ‘ஓ பேர்’ என்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். மோர்டனில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன இரண்டு பெண்களும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்களை அனுப்பிய ஏஜென்சியில் விசாரித்தால், நானும் கணவரும் சண்டை பிடித்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார்களாம். தேத்தண்ணீருக்கு எவ்வளவு சீனி என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்!

மூன்றாவதாக ஓர் இத்தாலிக்காரி வந்தாள்.

“இண்டைக்காவது கொஞ்சம் மெதுவாக் கதையும்,” என்றார் கணவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே பேசினேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மூத்தவன் சோபாவில் ஜூசைக் கொட்டினான். நான் வாய் திறக்குமுன் அவள் ஒரு சத்தம் போட்டாள். அவன் ஓடிப்போய்த் துணி எடுத்துவந்தான். நான் கத்தி அவன் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை, கழுதை.

அவள் முகம் சிவந்துவிட்டது. தங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் கத்துவார்கள் என்று மன்னிப்புக் கேட்டாள்.

“திங்கட்கிழமையே வா!” என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். என் வேலை தப்பியது.

“ஐயோ, இனி ரெண்டு பேரோ?” என்றபடி கணவர் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார்.