வேறு பேரில் ஒரு கமெண்ட்

ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறும் அந்த நர்ஸம்மா தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் காதல் தொடர்கதை படிப்பார். கழுத்தில் சின்னச் சிலுவை. படிக்கும்போது அவர் முகத்தில் வேறு ஏதோ ஊரின் வெயில் அடிக்கும். அத்தியாயம் முடிந்ததும் ஒற்றை விரலால் நீளமாகக் கமெண்ட் எழுதுவார்.

அன்றைக்குக் கதாநாயகன் நாயகியை அறைந்துவிட்டான். வாசகிகள் இதயங்களாகப் போட்டுக் குவித்திருந்தார்கள். இவர் மட்டும், "அவ திரும்பிப் போகக் கூடாது" என்று எழுதினார். உடனே வந்த பதிலை என்னிடம் காட்டிச் சிரித்தார்: "ஆண்ட்டி, நீங்க லவ்வே பண்ணதில்லையா?"

"யாருங்க இது, இவ்ளோ வாய்?"

"எம் பொண்ணுதாங்க்கா. காலேஜ் பஸ்ல போயிட்டிருக்கா. நான் வேற பேர்ல எழுதறேன், அவளுக்குத் தெரியாது. அம்மா சொன்னா கேக்க மாட்டா. இப்பல்லாம் அடிக்கிறவன்தான ஹீரோ, அதையும் லவ்வுன்னு நம்புறா."

விரல் வெகுநேரம் திரைமேல் மிதந்தது. பிறகு எழுதினார்: "லவ் பண்ணித்தான்மா கட்டிக்கிட்டேன். அவரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

பதில் வருவதற்குள் அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கி, நடக்காமல், போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்தது. இதே ஊரில் இன்னொரு பஸ்ஸில், ஜன்னலோரம் ஒரு பெண் அந்த வரியைப் படித்துக்கொண்டிருப்பாள், யாரோ ஒருத்தியின் கதை என்று.