தட்டிப் பார்க்காமல் பிடுங்க வந்தவர்

நான் நம்பும் பல் டாக்டர் சாரல் சீசன் தொடங்கினால்தான் குற்றாலத்துக்கு வருவார். கடைவாய்ப் பல் வலி பொறுக்காமல், தென்காசியில் புதிதாகத் தொழில் தொடங்கியவரிடம் போனேன். அவர் குறடும் கையுமாக வந்தார்.

"பிடுங்கும் முன் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பதுதான் முறை" என்றேன்.

"சொத்தை கண்ணுக்குத் தெரியுதுல்லா அண்ணாச்சி? தட்டிப் பாக்க இதென்ன தேங்காயா?"

எழுந்து வந்துவிட்டேன்.

"போலீஸ் வேலையில இருந்து ரிட்டயராகியும் பல்லுக்கு விசாரணை நடத்துதீயளே!" என்றாள் மனைவி.

உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தே சாரல் வரை தாக்குப்பிடித்தேன். டாக்டர் வந்து தட்டினார். சொத்தைப் பல் சும்மா இருந்தது. பக்கத்துப் பல்லைத் தட்டியதும் அலறினேன். அதைப் பிடுங்கி, சொத்தையை அடைத்தார். புண் ஆறியதும் அந்தச் சொத்தைப் பல்லாலேயே மனைவி எதிரில் முறுக்குக் கடித்தேன்.

இப்போது வலிக்காகக் காத்திருப்பதில்லை. சாரல் தொடங்கியதும் டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டுத்தான் அருவிக்குப் போகிறேன்.