மாப்பிள்ளை வீட்டுக் கொப்பி

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கமராவுக்குப் பின்னால் நிற்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கசெட் காலத்தில் ஒவ்வொரு கலியாணத்துக்கும் இரண்டு கொப்பி அடிப்போம். பொம்பிளை வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. ஸ்டிக்கரில் பெயர் எழுதி ஒட்டுவது நான்தான். அந்த மையின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ஒரே வீடியோவை இரண்டு வீட்டுப் பெயரிலும் இரண்டு ஃபோல்டரில் போட்டு வைத்தோம்.

டிஸ்க் நிரம்பியது. முதலாளியின் மகள் கொள்ளுப்பிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள் வந்து, ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருளைப் போட்டாள். பெரிய வீடியோக்களை அது தனியே ஒரு களஞ்சியத்தில் வைக்கும். முதலில் ஃபைலின் பெயரையும் திகதியையும் பார்த்து அங்கே பெயர் வைத்ததால், இரண்டு கொப்பியும் தனித்தனியாகவே கிடந்தன. அவள் அதை மாற்றி, உள்ளே இருக்கும் படத்தைக் கொண்டே பெயர் வைக்கச் செய்தாள். ஒரே படம் என்றால் ஒரே பெயர், ஒரே ஃபைல். இரண்டு ஃபோல்டரிலும் மிஞ்சியவை அதைக் காட்டும் சுட்டிகள்தான். பாதி டிஸ்க் காலியானது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன மாதம் ஒரு மாப்பிள்ளையின் அக்கா வந்தார். அந்தக் கலியாணம் முறிந்துவிட்டது.

"தம்பி, எங்கட கொப்பியை அழிச்சுப் போடுங்கோ. அந்த மூஞ்சியள் எங்கட பேரில இருக்கக் கூடாது."

பொம்பிளையின் அப்பா, கொட்டாஞ்சேனைக்காரர், இப்போது உயிரோடு இல்லை. அவர் நடமாடிப் பேசுவது இந்த ஒரு வீடியோவில்தான் என்று அந்தப் பொம்பிளை என்னிடம் சொல்லியிருந்தாள். வாசலுக்குப் போய் முதலாளியின் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"இருக்கிறது ஒரு ஃபைல்தானே, பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக் கொப்பியை அழிச்சா மற்றதும் போயிடாதோ?"

"போகாது அண்ணே. மற்ற ஃபோல்டர் அதைக் காட்டும் வரைக்கும் அது அசையாது. களஞ்சியத்துக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க."

"நிச்சயமாவோ?"

"உங்கட கலியாணம் பேசேக்கயும் அண்ணிக்கிட்ட இப்பிடித்தான் கேட்டீங்களாம்!"

அக்கா பார்த்துக்கொண்டு நிற்க, அழித்தேன். அவர் போனதும் பொம்பிளை வீட்டு ஃபோல்டரைத் திறந்தேன்.

வீடியோ ஓடியது. அந்த அப்பா ரோல்ஸ் தட்டோடு மேசை மேசையாகப் போகிறார். பிறகு நேரே கமராவிடம் வருகிறார்.

"தம்பி, விடியத் தொடங்கி நிக்கிறீர். சாப்பிட்டனீரோ?"

தட்டு கமராவை நோக்கி நீள்கிறது. என் கை ஒன்றை எடுக்க, படம் கொஞ்சம் ஆடுகிறது.