ஷட்ஜத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டை

திருப்பரங்குன்றத்திலிருந்து நேற்று வந்த தபால் கார்டை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில், எந்தக் கடிதத்தையும் இப்போது பிறரிடம் நீட்டுவதில்லை. மூன்றாம் வரியில் விரல் நின்றுவிட்டது. நம் நாடகக் குழுவின் பாப்பம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளோடு மேடையேறிய உங்களுக்காக இதை மெல்ல எழுதுகிறேன்.

குழுவின் ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் படுத்தபோது, ஆர்மோனியப் பெட்டி சுமந்த என்னை அதன் முன்னால் உட்கார வைத்தவள் அவள்தான். நானாகத் தடவிப் பழகிய மோகனம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவள் பாடும் நாலரைக் கட்டைச் சுருதியில் அது ஐந்து கறுப்புக் கட்டைகளுக்குள் அடங்கிவிடும். அவற்றில் எந்த இரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லை. விரல் தவறினாலும் காதை உறுத்தாது. வெள்ளையைத் தொட எனக்குப் பயம்.

திருவிழாவுக்குக் குழுவை அமர்த்துமுன், விளாங்குடிக்காரர்கள் ஒரு பிற்பகலில் எங்களைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். என் வாசிப்பு பிடிக்காவிட்டால் வேறு ஆள் வருவார். நான் மறுபடி அறுப்புக் கூலிக்குப் போக வேண்டும். பாப்பம்மாள் எனக்காக எல்லாவற்றையும் மோகனத்திலேயே பாடினாள், நாடகத்தில் மகனை இழந்த தாயின் புலம்பலையும்கூட.

பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “பிள்ள செத்துக் கெடக்கான். தாய்க்காரி கலியாணத்துக்குப் போறவ மாதிரில்ல பாடுறா. அழுகைய எடும்மா.”

அழுகைக்கு அரைச்சுரம் வேண்டும். அது ஆதார சுரமான ஷட்ஜத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டையில் இருந்தது.

“வேணாம் தங்கச்சி, வெள்ளையத் தொடப் பயமாருக்கு” என்றேன்.

“எனக்கு மட்டும் பயமில்லையாண்ணே? ஒத்தக் கட்டதான். தொடுங்க.”

தொட்டேன். வியர்த்த விரல் பக்கத்துக் கறுப்பையும் சேர்த்து அமுக்கியது. இரண்டு ஒலியும் ஒன்றையொன்று உரசிக் கூசின. யாரோ சிரித்தார். நான் கையை எடுக்கப் போனேன்.

“எடுக்காதீகண்ணே” என்று முணுமுணுத்தாள். அந்த உரசலுக்குள்ளேயே ‘மகனே’ என்று குரலை இறக்கி இழுத்தாள். சிரித்தவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“பெட்டிக்கும் இவரே வரட்டும்” என்றார் பெரியவர்.

திரும்பும் வண்டியில், “தப்புன்னு யாருக்கும் தெரியலயே” என்றேன்.

“எனக்குத் தெரியும்ல. நாளையிலருந்து அந்த ரெண்டையும் தனித்தனியா அமுக்கிப் பழகுங்க” என்றாள்.

பழகினேன். பல வருடங்கள் அவளுக்கு வாசித்தேன். ஆனாலும் அந்த வெள்ளைக் கட்டைக்கு முன்னால் விரல் தயங்காத நாளில்லை. அவள் ஒரு மூச்சு பொறுப்பாள். நான் தொட்ட பிறகே பாடுவாள். கூட்டம் அதை அழுகை என்று நினைத்தது. எனக்காக அவள் பொறுத்த அந்த ஒரு மூச்சுதான் என்னிடம் இருக்கிறது.