ஜீப் வராத ஊரின் சார்ஜன்ட்

பிரகலாதனைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், பிறகுதான் கதை வரும். நான் புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஊர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன், அவன் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த கையோடு தமிழ் இளைஞர்களைப் பொலிசுக்கு எடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன் பிரகலாதன். தகப்பன் இல்லை, கட்டிக் கொடுக்க இரண்டு தங்கச்சிமார். விண்ணப்பித்தான், எடுபட்டான். அவன் சீருடையோடு முதன்முதல் வந்த நாளில், வீதியில் நின்று கதைத்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். அதன் பிறகு அவன் வரும்போதெல்லாம் கதை நின்றது. கோயில் திருவிழாவுக்கு வேட்டியோடு வந்தாலும் அவனைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. பேசி வந்த கலியாணங்கள் "பொலிசோ?" என்ற ஒரே கேள்வியில் குழம்பின. கடைசியில் தெல்லிப்பழையிலிருந்து ஆரணி வந்தாள். அவள் கணக்குப் படித்தவள். வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு ரியூசன் தொடங்கினாள்.

ஆனால் மாடு களவு போனால், காணி வேலி நகர்ந்தால், மகளின் பின்னால் எவனாவது திரிந்தால், இதே சனம் அவன் வீட்டுப் படலையில்தான் போய் நின்றது. "தம்பி, ஸ்ரேசனிலை நாங்கள் தமிழிலை சொல்லுறது அவைக்கு விளங்காது. நீ ஒருக்கா வந்து சொல்லிவிடு." அவனும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவான். காரியம் முடிந்த மறுநாள் அவன் மறுபடி பொலிஸ்காரன். எங்கள் ஊரின் நன்றி அவ்வளவு தூரம்தான் போகும்.

அவன் வேலை செய்த பொலிஸ் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் விசாரணைக்குத் தேவை என்றால், ஜீப்பை அனுப்ப விடமாட்டான். எங்கள் ஒழுங்கைகளுக்குள் ஜீப் வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நாய்கள் குரைக்கும் முன்பே கிழவிகள் ஒப்பாரி தொடங்கிவிடுவார்கள், பையன்கள் வேலி பாய்ந்து ஓடுவார்கள், ஓடினவனைப் பிடித்தால் அடி இரட்டிப்பு. அதனால் அவன் சாதாரண சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தன் மோட்டார் சைக்கிளில் தனியே போவான். தாயோடு இருந்து கதைப்பான். தாய் சம்மதித்தால் தன் கையாலேயே பிள்ளையை அவனிடம் ஒப்படைப்பாள். வாக்குமூலம் எழுதி, நீதிமன்றத்துக்குக் கொண்டு போய், பிணை எடுத்து, பிள்ளையை அதே பின் சீற்றில் ஏற்றி வந்து அவனே வீட்டில் இறக்குவான். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பொலிஸ் கேட்டால் பிரகலாதனிடம் கொடு என்பது ஊரில் ஒரு வழமையாகவே போய்விட்டது. அவன் சார்ஜன்ட் ஆனது பிறகு. அவனுக்குப் பெருமை சட்டைக் கையில் தைத்த அந்தப் பட்டியில் இருக்கவில்லை, இந்தப் பின் சீற்றில்தான் இருந்தது.

குணலட்சுமியை நாங்கள் குணமக்கா என்போம். வன்னிக்குக் கலியாணம் முடித்துப் போய், யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி வந்தவள். போகும்போது புருசன் இருந்தார். வரும்போது சின்ன மகன் தனோஜன் மட்டும் கையில் இருந்தான். மூத்தவனை, பெயர் பதிந்துவிட்டு விடுவோம் என்ற அறிவிப்பை நம்பி, அவளே கூட்டிக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தாள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. தனோஜன் வளர்ந்து தரைக்கு மாபிள் பதிக்கும் வேலை பழகினான். அமைதியான பிள்ளை. தாய் பின்னேரம் ஒரு தரம் தொலைபேசி எடுத்து "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்பாள் என்பதற்காக, எந்த வேலையில் நின்றாலும் சத்தத்தைக் குறைக்காமல் வைத்திருப்பான்.

ஒரு தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர் கிணற்றடியிலிருந்து களவு போனது. பக்கத்து வீட்டில் அந்த வாரம் மாபிள் பதித்தவன் தனோஜன். தோட்டக்காரர் அவனுடைய பெயரைச் சொல்லிவிட்டார். பையன் பயந்து சாவகச்சேரியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். ஜீப் புறப்படப் பார்த்தது. பிரகலாதன் மறித்துவிட்டு, வழக்கம்போல சீருடையைக் கழற்றிச் சாதாரண சேட் போட்டுக்கொண்டு குணமக்காவிடம் போனான். அன்று நடந்த பேச்சை அவள் பிறகு எங்களுக்கு வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"தம்பி, முந்தியும் ஆமி மைக்கிலை உப்பிடித்தான் சொன்னவங்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான்."

"தெரியுமக்கா. அது சண்டைக் காலம். இது ஒரு மோட்டர் களவு. இண்டைக்கு வாக்குமூலம் குடுத்தால் நாளைக்குப் பிணையிலை வந்திடுவான். ஒளிச்சுத் திரிஞ்சால்தான் சந்தேகம் கூடும்."

"அவன் எடுக்கேல்லை."

"அதை அவன் வந்து சொல்லட்டும்."

"அடிப்பாங்களோ?"

"நான் அங்கைதானே அக்கா இருப்பன். என்னை மீறி என்ன நடக்கப்போகுது?"

அவள் மகனைக் கூப்பிட்டு எடுத்தாள். மத்தியானம் வந்தான். இருத்திச் சோறு போட்டாள். அவன் கை கழுவி வந்ததும், கலியாண வீட்டில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பதுபோல, மகனின் கையைப் பிடித்துப் பிரகலாதனின் கைக்குள் வைத்தாள். "பொலிசுக்கு இல்லை, உனக்குத்தான் தாறன்" என்றாளாம். அவன் "ஓமக்கா" என்றான். என் கடையைத் தாண்டித்தான் போனார்கள். எங்கே என்று கேட்டேன். "சும்மா ஒரு வாக்குமூலம், போட்டு வாறம்" என்றான் பிரகலாதன். பின்னால் இருந்த தனோஜன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

அன்று பின்னேரம் குணமக்கா மாற்றுடுப்பும் ஒரு போத்தல் தேநீரும் கொண்டு போய் நிலைய வாசலில் நின்றாள். பிரகலாதன் வெளியே வந்து வாங்கிக்கொண்டான். "நாளைக்குக் கோட்டிலை விடுவினம். நீங்கள் போங்கோ அக்கா" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்று அவள் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் தனோஜனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் அவன் இறந்துபோனான்.

வலிப்பு வந்து விழுந்தான் என்றது பொலிஸ். பிரேதத்தைக் குளிப்பாட்டியவர்கள் முதுகையும் உள்ளங்காலையும் பார்த்துவிட்டு முற்றத்தில் வந்து குந்திவிட்டார்கள். சட்ட வைத்திய அதிகாரி அடிகாயங்களால் வந்த சாவு என்று எழுதினார். சந்தியில் ரயர் எரிந்தது. சில கிழமைக்குப் பிறகு மோட்டர் கிடைத்தது. எடுத்தவன் அந்தத் தோட்டக்காரரின் சொந்த மருமகன். தோட்டக்காரர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டார். வாபஸ் வாங்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

பிரகலாதன் வீட்டுக்கு யாரும் கல் எறியவில்லை. எறிந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். செத்தவீடு முடிந்த அடுத்த திங்கட்கிழமை ஆரணியின் ரியூசனுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வாங்குகளைத் துடைத்து வைத்துவிட்டு அவள் இருட்டும் வரை படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கடையில் சாமான் கொடுத்தார்கள், ஆனால் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தார்கள். முன்பு ஒப்படைத்துப் பிள்ளையைத் திரும்பப் பெற்ற தாய்மார்கூட, தாங்கள் அவனிடம் போனதே இல்லை என்பதுபோலக் கதைத்தார்கள். எனக்கு அப்போது அவன்மேலும் ஆத்திரம், இவர்கள்மேலும் ஆத்திரம்.

மரண விசாரணைக்கு அவனைச் சாட்சியாக அழைத்தார்கள். தனோஜனைக் கொண்டு போனவன் அவன். அன்று நிலையத்துக்குள் இருந்தவர்களில் வாய் திறக்கக்கூடியவனும் அவன்தான். நிலையத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வரும் வழியிலேயே பையன் மயங்கினான் என்று சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சொல்லாவிட்டால் வழக்கில் அவனும் ஓர் எதிரி, வேலையும் இல்லை. ஊர் அவன் பொய்தான் சொல்லுவான் என்று முடிவெடுத்துவிட்டது. குணமக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மகனுக்கு என்ன நடந்தது என்று எவனும் அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. மற்றவனுக்காவது யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை.

விசாரணைக்கு முதல் நாள் பிரகலாதன் என் கடைக்கு வந்தான். மோட்டார் சைக்கிளில் பிழை ஒன்றும் இல்லை. சும்மா இருந்தான். மெலிந்து, சேட் உடம்பில் தொங்கியது.

"என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டேன்.

"ஆரணி உண்மையைச் சொல்லச் சொல்லுறாள். எங்கடை பிள்ளையள் வளந்து கேட்டால் என்ன சொல்லுறது எண்டு கேக்கிறாள்."

"சொல்லன்."

"சொல்லலாம் மச்சான். சொல்லத் தொடங்கினால் முழுக்கச் சொல்ல வேணும். அதுதான்."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. வேலை போவதை நினைத்துப் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

நீதிமன்றத்தில் சனம் நிறைந்திருந்தது. குணமக்கா முன் வாங்கில் இருந்தாள். பிரகலாதன் சாட்சிக்கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். தனோஜன் நல்ல சுகத்தோடு வந்தான், வழி முழுக்கத் தன்னோடு கதைத்துக்கொண்டு வந்தான், வலிப்பு எதுவும் இல்லை என்றான். காயங்கள் எப்படி வந்தன என்று நீதவான் கேட்டார். "அடிச்சவை, ஐயா" என்று சொல்லி மூன்று பேரின் பெயரைச் சொன்னான். உப பரிசோதகர் ஒருவர், கான்ஸ்டபிள்மார் இரண்டு பேர். அதில் ஒருவன் எங்கள் பக்கத்துத் தமிழன். ஊர் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் வாங்கில் இருந்து படித்தவன் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

பொலிசாருக்காக வந்த சட்டத்தரணி எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர்.

"அடித்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?"

"இல்லை. நான் முன் மேசையிலை இருந்தனான். பின் அறைக்குள்ளை நடந்தது."

"அறைக் கதவு பூட்டியிருந்ததா?"

"சாத்தியிருந்தது. பூட்டேல்லை."

"நீங்கள் திறந்தீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் உள்ளே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊகத்தைச் சாட்சியமாகச் சொல்கிறீர்கள், அப்படித்தானே?"

பிரகலாதன் கூண்டின் கம்பியைப் பிடித்தான். இத்தோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மூன்று பேரும் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவன் குணமக்கா இருந்த பக்கம் பார்க்காமல் நீதவானைப் பார்த்துச் சொன்னான்.

"தனோஜன் சொன்னவர், ஐயா. என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். பிரகலாதன் அண்ணை, இன்னார் இன்னார் அடிக்கிறாங்கள், வாங்கோ எண்டு மூண்டு பேரின்ரை பேரையும் சொன்னவர்."

"ஒரு தடவையா?"

"குரல் இருக்கும் மட்டும் கூப்பிட்டவர்."

ஏன் போகவில்லை என்று நீதவானே கேட்டார். மேலதிகாரி முன் மேசையை விட்டு அசையக்கூடாது என்று உத்தரவிட்டதாகச் சொன்னான். பிறகு, "பயமாயும் இருந்தது" என்றான். குணமக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தாள்.

அந்தச் சொல்லால்தான் மூன்று பேரும் விளக்கமறியலுக்குப் போனார்கள். ஊர் ஒரே நாளில் மாறியது. உண்மை சொன்ன வீரன் என்றார்கள். ரியூசனுக்குப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கடைக்காரர் சாமானைக் கையில் கொடுத்தார். பிரகலாதன் அவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை. அவன்மேலும் ஒழுக்காற்று விசாரணை தொடங்கியது. அது முடியும் வரை தெற்கே மொனராகலைப் பக்கம் ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். இங்கே அதற்குப் பிறகு இரண்டு தரம் ஜீப் வந்து போய்விட்டது.

புறப்படும் முன் குணமக்காவிடம் போக வேண்டும், கூட வா என்றான். தனியே போக அவனால் முடியவில்லை. படலையில் நின்று கூப்பிட்டோம். அவள் வந்தாள். படலையைத் திறக்கவில்லை.

"அக்கா, நான் நாளைக்குப் போறன்."

"ஓம், கேள்விப்பட்டனான்."

பிறகு அவள் கேட்டாள்.

"தம்பி, கோட்டிலை எல்லாம் சொன்னனீ. ஒண்டு மட்டும் சொல்லேல்லை. அவன் என்னைக் கூப்பிட்டவனோ? அம்மா எண்டு?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அவனை மெச்சியிருப்பேன்.

"இல்லையக்கா" என்றான். "என்னைத்தான்."

"கூப்பிட்டிருக்க மாட்டான்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல. "அவன் கை கழுவேக்கை நான்தானே சொல்லி விட்டனான். அங்கை போய் அம்மா அம்மா எண்டு கத்தாதை, நான் எங்கை வாறது? ஏதும் எண்டால் அண்ணையைக் கூப்பிடு, அவன் வருவான் எண்டு."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.